அவசரப்படாமல் எடுத்த வண்டி

ஜனவரி 22, வியாழன்

பழைய ஜீப்பை இன்று காயலான் கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். வத்தலக்குண்டிலிருந்து ஆளோடு வந்தான். ஓடையில் கிடந்த இடத்திலேயே வெட்டி, துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் நாற்காலியை ஓடைப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் வண்டி, அவர் பார்க்க வேண்டாமா?

எட்டாம் தேதி உரமூட்டை ஏற்றி வரும்போது ஸ்டீயரிங்கிலேயே பக்கவாதம் வந்து, ஜீப்போடு ஓடைக்குள் இறங்கிவிட்டார். ஜீப் பிழைக்கவில்லை, இவர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது: ‘ரைட்’. முப்பது வருஷம் ஜீப் ஓட்டிய மனிதர். வண்டி நகர ‘ரைட்’, நிற்க ‘ஓல்டான்’ என்று க்ளீனர்கள் கத்திக் கத்தி இவர் மண்டையில் ஏறியிருக்கிறது. ஓல்டான் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றாலும் ரைட், வேண்டாம் என்றாலும் ரைட்.

திங்கட்கிழமை திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அவருக்கு எல்லாம் புரியுதும்மா. வார்த்தைதான் வரல. மொதல் தொண்ணூறு நாளுதான் முக்கியம். வாரத்துக்கு மூணு தடவ கூட்டிட்டு வாங்க. நடக்க வச்சிரலாம், பேச வச்சிரலாம். விட்டீங்கன்னா அப்படியே நின்னு போயிரும்.”

சரி என்று தலையாட்டினேன். அதற்கு வண்டி வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர். அதை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே கோபம் வரும். பாறை, செம்மண், நடுவில் இரண்டு ஓடை. ஆகவே வண்டி பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்துச் சகாயம் வந்தான். இருபது வருஷமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவன் ஜீப்பிலேயே இவரை மெயின் ரோட்டில் கொண்டுபோய் விடுவதாகவும், அங்கிருந்து கார் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நல்ல பையன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் ஜீப்பில் மெத்தை விரித்துக் கொண்டு வந்தபோதே இவர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். குலுக்கலில் மூளைக்குள் மறுபடி ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றேன். சொந்த வண்டி, நல்ல வண்டி வாங்கித்தான் கூட்டிப் போவேன் என்றேன்.

“அப்ப சட்டுன்னு ஒண்ண எடுங்கக்கா” என்றான்.

வண்டி என்ன வெண்டைக்காயா, சட்டென்று எடுக்க?

பிப்ரவரி 2, திங்கள்

திண்டுக்கல் போய் வந்தேன். இவரைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் வேலை செய்கிற ராக்குவை வைத்துவிட்டு, சகாயத்தின் ஜீப்பில் இறங்கி, பஸ் பிடித்தேன். ஜீப் அப்படி ஒன்றும் குலுக்கவில்லை. பஸ் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போனது.

இரண்டு பிக்கப் மனதில் நிற்கின்றன. கம்பெனி பேரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு எந்த ஏஜெண்டாவது இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான். வெள்ளை, நீலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளை, சிங்கிள் கேபின். முன்னால் இரண்டு பேர், பின்னால் நீளமான தொட்டி. பட்டை ஸ்பிரிங். பாறையில் அடி வாங்க என்றே பிறந்த மாதிரி இருக்கிறது. உதிரி பாகம் வத்தலக்குண்டில் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும்.

நீலம், டபுள் கேபின். நான்கு கதவு, பின்னால் ஒரு முழு சீட். ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். நாலு சக்கரமும் இழுக்கிற கியர் இரண்டிலுமே உண்டு, ஆனால் நீலத்தில் அது வெண்ணெய் மாதிரி விழுகிறது. தொட்டிதான் சின்னது. உதிரி பாகத்துக்கு மதுரை போக வேண்டும்.

ஷோரூமில் இருந்த தம்பி, “எத்தன வருசம் வச்சிருக்கப் போறீங்கம்மா?” என்று கேட்டான். பதினைந்து என்றேன். அப்படியென்றால் நிதானமாக யோசித்து எடுக்கச் சொன்னான். அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நோட்டீஸையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் உள்ள உயரம் முதல் டயர் அளவு வரை ஒன்று விடாமல் வாசித்தேன். நீலத்தின் பின் சீட் படத்தை இடது கை விரலால் தொட்டுத் தொட்டு, ரைட் ரைட் என்றார். வெள்ளையைக் காட்டியபோதும் ரைட் என்றார். இப்படி எதற்கும் தலையாட்டுகிறவரிடம் யோசனை கேட்டு என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 3, செவ்வாய்

காப்பிப் பழம் கடைசிப் பறிப்பு. களம் முழுக்கக் காயப் போட்டாயிற்று. முதுகு வலி.

பிப்ரவரி 11, புதன்

வெள்ளையை ஓட்டிக் காட்ட ஷோரூமிலிருந்து டிரைவர் தோட்டத்துக்கே கொண்டு வந்தார். ஓடையில் இறங்கி ஏறியது. கல் மேட்டில் ஒரு மூச்சுகூடத் திணறவில்லை. எனக்குத் திருப்தி.

களத்தில் வண்டியைத் திருப்பப் பின்னால் எடுக்கும்போது ஒரு கூத்து. இவர் நாற்காலி களத்தின் ஓரத்தில் இருந்தது. டிரைவருக்குத் தெரியவில்லை. வண்டி பின்னால் வரவர இவர் “ரைட், ரைட், ரைட்” என்று கத்தினார். யாரோ பெரியவர் பின்னால் நின்று வழி சொல்கிறார் என்று டிரைவரும் நம்பி வந்துகொண்டே இருந்தார். ராக்கு அலறியதில் நின்றது. நாற்காலியின் கால் ஒன்று வளைந்துவிட்டது, இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. விஷயம் புரிந்ததும் எல்லாருக்கும் சிரிப்பு. இவர் அழுதார்.

நான் சமையல்கட்டு வாசலில்தான் நின்றேன். இவர் சொன்னது ரைட் இல்லை, ஓல்டான் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், குரலை வைத்துச் சொல்லிவிடுவேன். கையில் மாவு இருந்தது. கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

இனி அவருடைய சம்மதத்தைக் கேட்டுத்தான் எதையும் செய்வது என்று முடிவு செய்தேன். “அவசரப்படாம இன்னும் ரெண்டு வாரம் பாத்து எடுப்பமா?” என்று கேட்டேன். ரைட் என்றார். ராக்குவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19, வியாழன்

நாத்தனார் மரகதம் போன் செய்தாள். இவருக்கு ஒரே தங்கை, வத்தலக்குண்டில் தையல்கடை வைத்திருக்கிறாள். அண்ணனைத் தன் வீட்டில் கொண்டுவந்து விட்டால் பஸ்ஸிலேயே திண்டுக்கல் கூட்டிப் போய் வருவதாகச் சொன்னாள். அவள் வீடு மாடியில் இருக்கிறது. படி எத்தனை என்று கேட்டேன். பதினெட்டு என்றாள். பதினெட்டுப் படி ஏற்றி இறக்க இவர் என்ன கேஸ் சிலிண்டரா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மிளகு இந்த வருஷம் சரம் சரமாகத் தொங்குகிறது. ஏணிக்கு ஆள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

நீலத்தை நான் ஓட்டினேன்!

பழனி ரோடு தாண்டி ஒரு கரட்டுப் பாதை. ஷோரூம் தம்பி பக்கத்தில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். லைசென்ஸைக் காட்டிய பிறகும் நம்பவில்லை. ஒட்டன்சத்திரத்தில் எங்கப்பா ஜீப்பில் நான் பதினேழு வயதில் மாட்டுச்சந்தை வழியாக ஓட்டிப் பழகியவள். கல்யாணமான மறுநாள் இவர் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, பொம்பளை ஓட்டும் வண்டியில் எவனும் சரக்கு ஏற்ற மாட்டான் என்றார். அதோடு சரி. ஆனாலும் லைசென்ஸைப் புதுப்பிக்க மட்டும் நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

கிளட்ச் மிதித்ததும் காலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கல் மேல் ஏறும்போது முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கி, பிறகு மெதுவாக விழுந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

ஆனாலும் முடிவு செய்யவில்லை. வெள்ளையின் தொட்டியை நினைக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருஷ விஷயம்.

மார்ச் 6, வெள்ளி

சாப்பாடு கொண்டுபோனபோது இவர் இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். தானாகவே பயிற்சி செய்கிறார் போலிருக்கிறது. வியர்த்து வழிந்தது. நான் கதவருகில் நின்று பார்த்தேன். பத்துத் தடவை, பதினைந்து தடவை. பிறகு வலது கட்டைவிரல் லேசாக அசைந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ரைட்” என்றார், குழந்தை மாதிரி, சந்தோஷமாக.

காற்றாக இருக்கும். ஜன்னல் திறந்திருந்தது.

சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, வெள்ளைக்கும் நீலத்துக்கும் டயர் ஆயுள் எவ்வளவு என்று போனில் விசாரித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

மரகதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சகாயத்தின் ஜீப்பில் ஏறி, அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நேராக உள்ளே போய் அண்ணன் துணிமணியை ஒரு பையில் அடைக்கத் தொடங்கினாள். என்ன இது என்றேன். தூக்கிக்கொண்டாவது போகிறேன், படியில் நான் சுமக்கிறேன் என்றாள். அறுபத்தெட்டு நாளாகிவிட்டது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். அவளுக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார் போல.

எந்த வண்டி என்று இன்னும் முடிவாகவில்லை, இந்த வாரம் ஆகிவிடும் என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். “நீங்க வண்டி பாக்கல மதினி. நாள் பாக்குறீங்க.”

“புது வண்டின்னா நல்ல நாள் பாக்கத்தான செய்யணும்” என்றேன்.

அவள் இவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, “அண்ணே, எங்கூட வர்றியாண்ணே?” என்று கேட்டாள்.

“ரைட்” என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். இடது கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “ரைட், ரைட்.”

பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் நிதானமாகப் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். “நம்ம வண்டி வர்ற வரைக்கும் எங்கூட இங்கனயே இருக்கீங்களா?”

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ வெளியே தள்ளப் பார்த்தார். கடைசியில் வாய் திறந்தபோது அதுதான் வந்தது.

“ரைட்.”

“ரெண்டு ரைட்ல எந்த ரைட்ட எடுத்துக்கிறது, நீயே சொல்லு” என்று மரகதத்திடம் கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் அண்ணன் மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டு, பையைப் பிரித்து, துணியை மறுபடி கொடியில் போட்டுவிட்டுப் போனாள். வாசலில் சகாயம் என் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பை எடுத்தான்.

ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன். மரகதத்துக்குத் தெரியாது, அவள் அப்போது ஹாஸ்டலில் இருந்தாள். தொண்ணூற்றொன்பது டிசம்பர். எனக்கு எட்டாம் மாதம். விடிந்ததும் வலி கண்டது. ஜீப்பில் முன் சீட் வரை கமலா ஆரஞ்சு ஏற்றிக் கட்டியாயிற்று. ஏற்றிய லோடை இறக்கக் கூடாது என்பது இவர்கள் குடும்பத்துச் சட்டம். இறக்கினால் அந்த வண்டியில் அப்புறம் சரக்கு நிற்காதாம். சந்தையில் போட்டுவிட்டு ஓட்டமாக வந்துவிடுகிறேன் என்று போனார். சாவியை என்னிடம் கொடுத்திருந்தால் நானே ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்கு விலை ஏறிக்கொண்டே இருந்ததாம், கடைசி ஏலம்வரை நின்றுவிட்டார். மறுநாள் சாயங்காலம் வந்தார், கையில் எனக்கு ஒரு புதுப் புடவையோடு.

பெண் குழந்தை. மத்தியானம் வரை மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேச முடிந்த காலத்தில் பேசியிருக்கலாம். இதற்கும் வண்டி எடுப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்ச் 18, புதன்

பூமழை. ஒரு மணி நேரம் நன்றாகப் பெய்தது. இன்னும் பத்து நாளில் காப்பி பூத்துவிடும்.

மார்ச் 29, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நீலம்தான்.

நன்றாக யோசித்துத்தான் எடுத்த முடிவு. சரக்கு கொஞ்சம் குறைவாக ஏற்றினால் போகிறது. பாதை மோசமாக மோசமாக, உட்காருகிறவர் உடம்புதான் முதலில் போகும். அதுவும் நோயாளியை வைத்துக்கொண்டு இருக்கிற வீடு. பின் சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாம். இதை இவரிடம் சொன்னேன். சத்தம் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரல் இப்போது அசைவதில்லை. கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, சட்டை போட்டுவிடப் பெரும்பாடாக இருக்கிறது.

ஷோரூம் தம்பி போனில், அதே வண்டி பழுப்பு நிறத்தில் கையில் இருக்கிறது, நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம், நீலம் என்றால் சித்திரை பிறந்துவிடும் என்றான். கிட்டத்தட்டக் கெஞ்சினான். நீலமே வரட்டும் என்றேன். தினமும் கண்ணால் பார்க்கப் போகிற கலர்.

ஏப்ரல் 8, புதன்

தொண்ணூறு. மிளகு காயப் போட்டேன். மேகமாக இருந்தது, அள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. வண்டி எடுத்தேன். ஷோரூமிலேயே மாலை போட்டு, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நானே ஓட்டி வந்தேன். மலை அடிவாரத்திலிருந்து மேலே வரை ஒரு இடத்தில்கூட யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. இரண்டாவது ஓடையில் தண்ணீர் கதவுவரை வந்தது. கிழித்துக்கொண்டு வந்தேன்.

களத்தில் நிறுத்தி ஆரன் அடித்தேன். ராக்குவும் பறிக்க வந்த பெண்களும் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சகாயம் வரவில்லை. இவர் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். தூங்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ராக்குவின் புருஷனும் இன்னொருவனும் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். ஏழு கிலோமீட்டரும் தொட்டிலில் வைத்த மாதிரிக் கொண்டுபோனேன். ஒரு வாந்தி இல்லை. கண்ணாடியில் அவ்வப்போது பார்த்தேன். கண்ணைத் திறந்து வண்டிக் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏனம்மா இத்தனை நாள் என்று கேட்டார். வண்டி இல்லை சார், நேற்று முன்தினம்தான் வந்தது என்றேன். பொய் இல்லையே. டாக்டர் மடங்கிய கையைப் பிரிக்கப் பார்த்தார், இவர் வலியில் முனகினார். முழங்காலைத் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இனிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நடப்பதும் பேசுவதும் கஷ்டம்தானாம். இவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இந்த நிமிஷத்துக்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தேன் என்று இப்போது எழுதினால் என்ன? எழுதிவிட்டேன். ஆனால் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, டாக்டர் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டாக்டர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். “ஆனா ஒண்ணும்மா, ஹார்ட்டு கல்லு மாதிரி இருக்கு. சுகர் இல்ல, பிரஷர் அடங்கிருச்சு. அம்பத்தெட்டு வயசுதான. வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்க, இன்னும் இருவது வருசம் தாராளமா இருப்பாரு.”

இருபது வருஷம். டயருக்கு ஆயுள் கேட்டேன், பாட்டரிக்குக் கேட்டேன், கிளட்ச் பிளேட்டுக்குக்கூடக் கேட்டேன். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று. எழுபத்தொரு வயதில் இவருக்கு நான் கால் கழுவிவிட்டுக்கொண்டிருப்பேன். நடந்திருந்தால் அவரே போய்க்கொள்வார். மூன்றே மாதம் கூட்டி வந்திருந்தால் அவரே சோறு அள்ளிச் சாப்பிடுவார்.

தெரபி அறையில் இருந்த பெண் ஆளைத் தூக்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எப்போதும் இரண்டு ஆள் கிடைக்க மாட்டார்கள், நீங்கள் ஒருவரே தூக்கப் பழக வேண்டும் என்றாள். அவர் இரண்டு கால்களுக்கு நடுவில் என் காலை வைத்து, அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து முதுகில் கோத்துக்கொண்டு, அவர் மோவாயை என் தோளில் சாய்த்து, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து எழுப்ப வேண்டும். காலையில் ஒரு தடவை, குளிக்க ஒரு தடவை, கக்கூஸ் போக, திரும்பி வர, படுக்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஆகும் என்றாள்.

குழந்தை போன பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டதில்லை.

வெளியே வண்டியருகில் வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண் சொன்ன மாதிரியே செய்தேன். கனமாக இருந்தார். எழுந்துவிட்டார். மூச்சு என் கழுத்தில் பட்டது. பின் சீட் விளிம்பில் உட்கார வைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனபோது, அவருடைய இடது கை என் முதுகைச் சுற்றி வந்தது. நல்ல கை, முப்பது வருஷம் கியர் போட்ட கை. இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விடுங்கள் என்றேன். அந்த ஒரு வார்த்தையையும் அவர் சொல்லவில்லை.

பக்கத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் எங்களையே பார்த்தாள். “குடுத்து வச்ச மனுசன்” என்று கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

இன்னும் இறுக்கினார். குனிந்தபடியே நின்றேன். என்னால் நிமிர முடியவில்லை.